2011 இங்கிலாந்து தொடர்: ஜாகீர் கான் இருந்திருந்தால் 4-0 ஆகியிருக்காதா?

புதுப்பந்து:

எல்லோருக்கும் வணக்கம். நான் டெஸ்ட் பார்க்க ஆரம்பித்ததே 2018-ல்தான். அதற்கு முந்தைய தொடர்களை இப்போது ஒவ்வொன்றாக ஸ்கோர்கார்டிலும் ஹைலைட்ஸிலும் தேடிப் பார்க்கிறேன். 2011 இங்கிலாந்துத் தொடருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஏப்ரல் 2-ல் வான்கடேயில் உலகக் கோப்பை. டெஸ்ட் தரவரிசையில் முதலிடம். சச்சின், திராவிட், லட்சுமண், சேவாக், கம்பீர், தோனி என்று ஒரு படையே இருக்கிறது. அந்த அணி ஆகஸ்டில் 4-0 என்று வெள்ளையடிக்கப்பட்டுத் திரும்புகிறது. எட்ஜ்பாஸ்டனில் இன்னிங்ஸ் மற்றும் 242 ரன்களில் தோல்வி!

எங்கள் மாமாவிடம் கேட்டால் "லார்ட்ஸ்ல முதல் நாளே ஜாகீருக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு, அதோட கதை முடிஞ்சுது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஒரு பந்துவீச்சாளர் போனதற்கு நான்கு டெஸ்டும் போகுமா? அப்போது நேரலையில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

டி ஸ்டாண்ட்:

மாமா சொல்வதில் தப்பே இல்லை தம்பி. லார்ட்ஸில் ஜாகீர் 13.3 ஓவர் போட்டு 18 ரன்னுக்கு 2 விக்கெட். ஸ்ட்ராஸ், குக் இரண்டு பேரையும் அவர்தான் தூக்கினார். அப்புறம் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனவர் தொடர் முழுக்கத் திரும்பவில்லை. ஆள் பற்றாக்குறையில் தோனியே கிளவுஸைக் கழற்றிவிட்டுப் பந்து போட்டார், திராவிட் கீப்பிங் செய்தார். நம்பர் 1 அணியின் நிலைமை அது. பீட்டர்சன் 202 நாட் அவுட் அடித்தார். வேறென்ன நடக்கும்?

மேட்டிங் விக்கெட்:

இந்த ஜாகீர் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நானும் திருச்சிப் பக்கம் மாவட்ட லீக்கில் மேட்டிங் போட்டுப் பந்து வீசினவன்தான், மீடியம் பேஸ். பந்துவீச்சாளர் மேல் பழி போட்டால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று ஏறும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் எட்டு இன்னிங்ஸையும் வரிசையாகப் படியுங்கள்: 286, 261, 288, 158, 224, 244, 300, 283. நான்கு டெஸ்ட் ஆடி ஒரு முறைகூட 300-ஐத் தாண்டவில்லை. ஓவலில் தொட்டதோடு சரி, அந்த 300-ல் 146 திராவிட் ஒருவரே அடித்தது. ஜாகீர் கடைசியில் வந்து பேட் சுற்றுகிற ஆள். அவர் தொடைக்கும் இந்த எண்களுக்கும் என்ன சம்பந்தம்?

பந்துவீச்சு என்ன செய்தது என்றும் பாருங்கள். லார்ட்ஸில் ஜாகீர் இல்லாமலேயே இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 62 ரன்னுக்கு 5 விக்கெட். அந்த ஸ்பெல்லில் இஷாந்த் போட்டதை யூடியூபில் தேடிப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் பிரவீண் குமார் 5 விக்கெட் எடுத்தார். வேகம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் மணிக்கட்டில்தான். நம் லீக் ஆட்களே அவரைவிட வேகமாகப் போடுவார்கள் என்று அப்போது கிண்டலடித்தோம். அந்த மனிதர் மூன்று டெஸ்டில் 15 விக்கெட். அடுத்தது டிரென்ட் பிரிட்ஜ். இங்கிலாந்து 124-க்கு 8! அதற்கு மேல் ஒரு அணிக்கு என்ன கதவைத் திறந்து வைக்க முடியும்?

அந்த 124-லிருந்து பிராட் 64, ஸ்வான் 28 அடித்து 221-க்குக் கொண்டுபோனார்கள். சரி, போகட்டும். நாம் ஆடினோம். அபினவ் முகுந்த் முதல் பந்திலேயே ஆண்டர்சனிடம் அவுட். திராவிட் சதம், லட்சுமண் 54, யுவராஜ் 62. ஸ்கோர் 267-க்கு 4. முன்னிலை 46, கையில் 6 விக்கெட், எதிரே களைத்த பந்துவீச்சாளர்கள். இன்னும் 150 ரன் சேர்த்தால் தொடர் 1-1.

288 ஆல் அவுட். பிராட் 16 பந்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட் எடுத்தார், ஹாட்ரிக்கும் சேர்த்து. என்னைக் கேட்டால் தொடர் முடிந்த இடம் அதுதான். முந்தைய வாரம் லார்ட்ஸில் ஜாகீர் தொடையைப் பிடித்தபோது இல்லை. அதன் பிறகு இங்கிலாந்து 544 அடித்தது, நாம் 158-ல் சுருண்டோம், 319 ரன் வித்தியாசம். லார்ட்ஸில் பிராட் ஆடுவாரா, உட்காரவைப்பார்களா என்று தொடருக்கு முன் அவர்கள் ஊரில் பேச்சு ஓடியது. நாம்தான் அவருக்கு வாழ்வு கொடுத்தோம்: 25 விக்கெட், சராசரி 13.84.

எட்ஜ்பாஸ்டனைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள். அங்கே நடந்ததைத் தோல்வி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு பர்மிங்ஹாமிலேயே கலவரம், கடை உடைப்பு, வீரர்களை ஹோட்டலை விட்டு வெளியே போகாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சேவாக் வந்துவிட்டார், இனி கவலையில்லை என்று இங்கே ஒரு கூட்டம் காத்திருந்தது, நானும்தான். தோள்பட்டை அறுவை முடிந்து, இடையில் நார்த்தாம்ப்டனில் ஒரு இரண்டு நாள் பயிற்சி ஆட்டம், அவ்வளவுதான் அவருக்குத் தயாரிப்பு. பிராட் போட்ட முதல் பந்து கிளவுஸில் பட்டு கீப்பரிடம். கோல்டன் டக். இரண்டாவது இன்னிங்ஸில் ஆண்டர்சன் வெளியே எடுத்துப்போன முதல் பந்தை அவர் பாணியிலேயே ஓங்கி டிரைவ் அடிக்கப் போனார், நேராக ஸ்லிப்பில் ஸ்ட்ராஸ் கைக்கு. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து இரண்டே பந்து.

முதல் இன்னிங்ஸ் 111-க்கு 7. தோனி 77 அடித்ததால் 224 வந்தது.

இப்போது குக். அழகாக ஆடுகிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட், புல், காலில் வந்தால் ஒரு தட்டு, மூன்றே ஷாட். மற்றதை எல்லாம் விட்டுவிடுவார் அல்லது கட்டை போடுவார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு மணி நேரம் போடுங்கள், ஒரு மணி நேரம் விடுவார். உங்களுக்கு அலுத்துப்போய் ஒன்றைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டால் அது மட்டும் பவுண்டரிக்குப் போகும். 545 பந்து ஆடி 294. ஏறக்குறைய பதிமூன்று மணி நேரம். ஸ்ட்ராஸ் 87, பீட்டர்சன் 63, மார்கன் 104, எல்லோரும் வந்து போனார்கள், அவர் மட்டும் அங்கேயே வாடகைக்குக் குடியிருப்பவர்போல் நின்றார். 710-க்கு 7 என்று டிக்ளேர் செய்தார்கள். செய்யக் காரணமே குக் முச்சதத்துக்கு ஆறு ரன் முன்னால் இஷாந்த் பந்தில் ரெய்னாவிடம் கேட்ச் கொடுத்ததுதான். அவர் அவுட் ஆகாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருப்பார்கள்.

நம் ஆட்கள் 188 ஓவர் வெயிலும் மேகமுமாக நின்றார்கள். மிஸ்ரா 43 ஓவர், 150 ரன். பந்து வீசினவனுக்குத்தான் இது தெரியும்: நூறு ஓவருக்கு மேல் போனால் உடம்பு வலிப்பதில்லை, மரத்துவிடும். ஓடிவருவீர்கள், கை சுற்றும், பந்து போகும், எங்கே போகிறது என்ற அக்கறை இருக்காது. ஃபீல்டர்களின் தலை தரையைப் பார்க்க ஆரம்பிக்கும். எங்கள் லீக்கில் ஒரு ஞாயிறு மதியம் முழுக்க விக்கெட் விழாமல் போனாலே தண்ணீர் கொண்டுவரும் பையன் மேல் எரிந்து விழுவோம். இவர்கள் இரண்டு நாளைக்கு மேல் நின்றுவிட்டு உடனே பேட் கட்டிக்கொண்டு ஆண்டர்சனைச் சந்திக்க வேண்டும். 244-ல் முடிந்தது. நான்கே நாளில் ஆட்டமும் போயிற்று, முதலிடமும் போயிற்று.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த இரண்டாவது இன்னிங்ஸில் திராவிடுக்குக் கீப்பர் கேட்ச் கொடுத்தார்கள். அவரும் ரிவ்யூ கேட்காமல் நடந்துவிட்டார். ரீப்ளேயில் பார்த்தால் பந்து பேட்டில் படவே இல்லை, ஷூ லேஸின் நுனி பேட்டில் தட்டிய சத்தம். நேரம் கெட்டால் லேஸ்கூடச் சாட்சி சொல்லும்.

டி ஸ்டாண்ட்:

மேட்டிங் அண்ணா, நீங்கள் சொன்ன அதே இரண்டு இடத்தை வைத்தே நான் கேட்கிறேன். லார்ட்ஸில் 62-க்கு 5-லிருந்து 269-க்கு 6, பிரையர் சதம் நாட் அவுட். டிரென்ட் பிரிட்ஜில் 124-க்கு 8-லிருந்து 221. பழைய பந்தில் வால் பகுதியைச் சுருட்ட யார் இருந்தார்கள்? அந்த வேலைக்குத்தானே ஜாகீர்! ரிவர்ஸ், அரவுண்ட் த விக்கெட், யார்க்கர் எல்லாம் அவர் கையில் இருந்தது. அவர் இருந்திருந்தால் அந்த 124-க்கு 8 என்பது 150-ல் முடிந்திருக்கும்.

மேட்டிங் விக்கெட்:

நியாயமான கேள்வி. 221 என்பது 150 ஆகியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். டிரென்ட் பிரிட்ஜை மட்டும் நாம் ஜெயித்திருக்கவும் கூடும். ஆனால் 4-0 என்பது 3-1 ஆகும், அவ்வளவுதான். கடைசி இரண்டும் இன்னிங்ஸ் தோல்வி என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. ஜாகீருக்கு ஏன் அடிபட்டது என்றும் கேட்க வேண்டும். உலகக் கோப்பை முடிந்தது ஏப்ரல் 2. ஐபிஎல் ஆரம்பித்தது ஏப்ரல் 8. ஆறு நாள்! கோப்பையோடு எடுத்த போட்டோவே அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஐபிஎல் மே 28 வரைக்கும். சேவாக் தோள் வலியோடு அதில் ஆடிவிட்டுத்தான் அறுவைக்குப் போனார். கம்பீருக்கும் தோள். ஜூனில் மேற்கிந்தியத் தீவுகள் பயணம். சச்சின், சேவாக், கம்பீர், ஜாகீர் யாரும் போகவில்லை. அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட் டொமினிக்காவில் ஜூலை 10-ல் முடிகிறது, லார்ட்ஸ் ஜூலை 21-ல். இடையில் டான்டனில் சாமர்செட்டோடு ஒரே ஒரு மூன்று நாள் ஆட்டம். இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸே அதில் சாமர்செட்டுக்காக ஆடி நன்றாக ரன் அடித்துத் தயாராகிக்கொண்டார். நம் பந்துவீச்சை அவருக்கு நெட் பயிற்சிக்குக் கொடுத்த மாதிரி.

டொமினிக்காவை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசி நாளில் 15 ஓவரில் 86 ரன் வேண்டும், கையில் 7 விக்கெட். முதலிடத்தில் இருக்கிற அணி கை குலுக்கி டிராவுக்குச் சம்மதித்துவிட்டு வந்தது. தொடர் கையில் இருக்கிறதே, எதற்கு ரிஸ்க் என்ற கணக்கு. எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி:

ஓவல் டெஸ்டுக்கு நான் போயிருந்தேன், நான்காம் நாள். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அன்றைக்கு மைதானத்தில். யாழ்ப்பாணத்துப் பெடியளும் கணிசமாக வந்திருந்தார்கள், எல்லோரும் சச்சினின் நூறாவது சதத்துக்காக. ஆனால் அன்று பார்த்தது திராவிடைத்தான். தொடக்கத்தில் இறங்கி, மற்றப் பத்துப் பேரும் போக, 146 நாட் அவுட்டோடு உள்ளே போனார். ஃபாலோ ஆன். பத்து நிமிடத்தில் திரும்பவும் அதே ஆள் ஓபன் செய்ய வெளியே வருகிறார்! எங்களுக்கு முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார், அவரைப் பார்த்து அந்த வரிசையே எழும்பியது. சட்டை மாற்றக்கூட நேரம் இருந்திருக்குமோ தெரியாது.

ஆர்.பி. சிங்கை அதற்கு முதல் நாட்களில் டிவியில் பார்த்து வயிறு எரிந்ததையும் சொல்ல வேண்டும். 2008-க்குப் பிறகு டெஸ்டே ஆடாதவரை விடுமுறையில் இருந்து கூட்டிவந்து முதல் ஓவர் கொடுத்தார்கள். முதல் பந்து லெக் சைடில், மெதுவாக. அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை, கூப்பிட்டவர்களைச் சொல்ல வேண்டும்.

மேட்டிங் விக்கெட்:

கூப்பிட்டவர்கள் பட்டியலில் நம் ஊர்க்காரர் ஸ்ரீகாந்த்தான் அப்போது தேர்வுக் குழுத் தலைவர். அதனால் இங்கே கொஞ்சம் அடக்கி வாசிப்போம்.

ஓவல் கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலராக (நாள் முடியும் நேரத்தில் முன்னணி பேட்ஸ்மேனைக் காக்க முன்கூட்டி இறக்கப்படுபவர்) வந்த மிஸ்ரா 84, சச்சின் 91. ஸ்கோர் 262-க்கு 3. டிரா கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து 21 ரன்னில் 7 விக்கெட் போய் 283. ஸ்வானுக்கு 6. மறுபடியும் இன்னிங்ஸ் தோல்வி, எட்டு ரன்னில். டிரென்ட் பிரிட்ஜில் 267-லிருந்து 288, இங்கே 262-லிருந்து 283. இரண்டு இடத்திலும் அதே 21 ரன். ரெய்னா ஓவலில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். அவருக்கு விலா எலும்பைக் குறிவைத்துப் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் அவரை நான்கு டெஸ்டிலும் ஆடவைத்தார்கள்.

முகுந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லார்ட்ஸில் 49, நன்றாகவே ஆடினார். டிரென்ட் பிரிட்ஜில் 0, 3. சேவாக்கும் கம்பீரும் வந்ததும் வெளியே உட்காரவைத்தார்கள். அடுத்த டெஸ்ட் ஆட அவருக்கு 2017 வரை ஆயிற்று. அணியே கவிழ்ந்த தொடரில் ஒரு இளைஞனுக்கு மட்டும் ஆறு வருடம் தண்டனை. சேவாக் இரண்டு டெஸ்டில் அடித்ததை வைத்து யாரும் அவரை நிறுத்தவில்லை.

புதுப்பந்து:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நேற்று பிராடின் ஹாட்ரிக்கைப் பார்த்தேன். ஹர்பஜன் எல்பிடபிள்யூ கொடுத்த பந்து பேட்டில் பட்டு உள்ளே வந்தது தெளிவாகத் தெரிகிறதே! ஏன் ரிவ்யூ எடுக்கவில்லை? தீர்ந்துவிட்டதா?

மேட்டிங் விக்கெட்:

தீரவில்லை. எடுக்கவே முடியாது. பந்து போகும் பாதையைக் கணிக்கும் தொழில்நுட்பத்தை நம்ப மாட்டோம் என்று நம் வாரியம்தான் அடம்பிடித்தது. அதனால் அந்தத் தொடரில் ஹாட்ஸ்பாட் (பந்து பேட்டில் பட்டதா என்று காட்டும் வெப்பக் கேமரா) உண்டு, கேட்சுக்கு ரிவ்யூ உண்டு, எல்பிடபிள்யூவுக்கு மட்டும் கிடையாது. ஹர்பஜன் பேட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னார், யார் கேட்பது? அடுத்த பந்தில் பிரவீண் குமார் போல்டு, ஹாட்ரிக்.

டி ஸ்டாண்ட்:

அதே டெஸ்டில் பெல்லை ரன் அவுட்டிலிருந்து தோனி திருப்பிக் கூப்பிட்டதையும் பாருங்கள் தம்பி. தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து, பவுண்டரி என்று நினைத்து பெல் நடக்க ஆரம்பித்துவிட்டார், முகுந்த் பெயில்ஸைத் தட்டினார். விதிப்படி அவுட். 137-ல் இருந்தவரைத் திரும்ப வரவைத்தோம், 159 வரை போனார். ஐசிசி அந்த வருடம் விளையாட்டு உணர்வுக்கான விருதைத் தோனிக்குக் கொடுத்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் நமக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான் என்று சொன்னால், உடனே மேட்டிங் அண்ணா வந்து திராவிட் பெயரைச் சொல்வார்.

மேட்டிங் விக்கெட்:

சொல்வேன். நான்கு டெஸ்ட், 461 ரன், மூன்று சதம். மூன்று சதம் அடித்தும் அந்த மூன்று டெஸ்டிலும் தோற்றோம். டிரென்ட் பிரிட்ஜிலும் ஓவலிலும் ஓபனராக இறங்கி அடித்தது. லார்ட்ஸில் கீப்பிங் வேறு.

ரிவ்யூ விஷயத்துக்கு: வாரியம் எல்பிடபிள்யூ உள்பட முழு டிஆர்எஸ்ஸை (நடுவர் தீர்ப்பை ரிவ்யூ கேட்கும் முறையை) ஒத்துக்கொண்டது 2016 நவம்பரில், இங்கிலாந்து இங்கே வந்தபோது, ராஜ்கோட் டெஸ்டில். புதுப்பந்து, அடுத்து 2011-12 ஆஸ்திரேலியாத் தொடரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதுவும் 4-0. அதில் ஜாகீர் நான்கு டெஸ்டிலும் ஆடினார்.